இருபத்தெட்டு அங்குலக் காற்று

"ஹெட்டைக் காணோம்," என்றார் முதலாளி. "நேத்து மத்தியானத்திலிருந்து தலை காணோம்."

கொழுந்தன் அவருடைய கழுத்துக்கு மேலே பார்த்தான். சாயம் பூசி, படிய வாரி, வாசனை அடித்த தலை ஒன்று அங்கே இருக்கத்தான் செய்தது.

"கண்ணாடியில பார்த்தீங்களா சார்?"

"தம்பி, நீ வாயை மூடிட்டு எழுதிக்க," என்றாள் அண்ணி.

அண்ணி பன்னிரண்டு வருடம் காப்பீட்டுக் கம்பெனியில் எரிந்த கடைகளையும் எரித்த கடைகளையும் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தவள். அச்சகத்துக்கு மேலே ஓர் அறையைப் பிடித்துத் துப்பறியும் ஆபீஸ் போட்டு நான்கு வருடமாகிறது. கணவனின் தம்பி இரண்டு வாரம் உதவிக்கு வருகிறேன் என்று வந்தான். அந்த இரண்டு வாரம் மூன்று வருடமாகியும் முடியவில்லை. ஸ்கூட்டர் ஓட்டுவது, போட்டோ எடுப்பது, கேட்காத நேரத்தில் வாய் திறப்பது ஆகியவை அவன் பொறுப்பு.

முதலாளிக்கு நான்கு வாகன ஷோரூம்கள். அது போக ஒரு பந்தய டீம். டீமில் இரண்டு பைக். ஒன்றை மகன் ஓட்டினான், மற்றதை மகள். 'பெண்ணையும் பறக்கவிட்ட தந்தை' என்று எழுதிய போஸ்டர் ஊரில் பாதிச் சுவர்களில் இருந்தது. அதில் தந்தை முக்கால் பங்கு, பெண் கால் பங்கு, பைக் ஒரு சக்கரம்.

"என்ஜினுக்கு மேல உட்கார்ற சிலிண்டர் ஹெட் மேடம். காத்து உள்ளே போற வழி, வெளியே வர்ற வழி எல்லாம் அதுலதான். ஆறு மாசமா ஒருத்தன் அதை அரம் வச்சு ராவிக்கிட்டு இருந்தான். ஊதல்னு சொல்லுவாங்க. அவன் ஷெட்லயிருந்துதான் போயிருக்கு. அவனேதான் எதிர் டீமுக்குத் தள்ளிவிட்டிருப்பான். இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள எனக்கு அது வந்தாகணும்."

"ஏன் அஞ்சு மணி?"

"நாளைக்கு ரேஸ். இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள என்ஜினுக்கு ஈய சீல் வச்சிடணும். வச்சப்புறம் யாரும் கை வைக்கக்கூடாது. பாவம், எம் பொண்ணு. காத்திருந்து பார்த்துட்டு, நேத்து சாயங்காலமே பழைய ஹெட்டோட கொண்டுபோய் சீல் வச்சுட்டு வந்துட்டா. பையன் பைக்குதான் பாக்கி. குழந்தை முகத்தைப் பார்க்க முடியல மேடம்."

அண்ணியின் பேனா ஒரு நொடி நின்றது. பிறகு நகர்ந்தது. கொழுந்தன் 'குழந்தை முகம்' என்று எழுதி, கீழே கோடு போட்டான்.

"போலீசுக்குப் போகலையா?"

"குடும்ப விஷயம்," என்று சொல்லிவிட்டு, சொன்னது தப்போ என்று நினைத்தவர் போல, "டீம் விஷயம்னு சொல்ல வந்தேன்," என்றார்.

படி இறங்கும்போது அண்ணி மகளின் கைபேசி எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். மதியம் இரண்டு மணிக்கு ஷெட்டுக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டுப் பேசினாள். அந்தப் பக்கம் "வரேன்" என்றது.

*

ஊதலின் ஷெட் ஒரு வெல்டிங் பட்டறைக்கும் பழைய டயர் கிடங்குக்கும் நடுவே நசுங்கிக் கிடந்தது. கீழே பட்டறை, மரப்படி ஏறினால் ஒரு கட்டில் போடும் அளவுக்குப் பரண். மனிதர் ஐம்பதைத் தாண்டியவர். கையில் எது கிடைத்தாலும் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் ஊதிப் பார்ப்பார். பேர் அப்படி வந்ததுதான். கொழுந்தன் நீட்டிய பேனாவையும் மூடியைக் கழற்றி ஒரு ஊது ஊதிவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார்.

"ராத்திரியே இந்தத் தெரு முழுக்க என்னைத் திருடன்னு சொல்லியாச்சு," என்றார். "காலையில டீக்கடையில எனக்கு டம்ளர் குடுக்கிறப்ப, திரும்பக் குடுப்பானான்னு பார்க்கிறாங்க."

பின்னாலேயே காரில் வந்து இறங்கிய முதலாளி, மகனோடு வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். அவர் கக்கத்தில் ஒரு நீல ரெக்ஸின் ஃபைல். மகன் வெயிலிலும் பந்தய ஜாக்கெட் போட்டிருந்தான். ஜாக்கெட்டில் இருந்த கம்பெனி ஸ்டிக்கர்களை எண்ணினால் அவன் ஜெயித்த பந்தயங்களைவிடப் பதினாறு அதிகம் வரும். ஜெயித்தது பூஜ்யம்.

ஷெட்டின் நடுவே இடுப்பு உயரத்துக்கு ஒரு பிளைவுட் பெட்டி. அதன் வயிற்றில் நான்கு வாக்யூம் கிளீனர் மோட்டார்கள். மேல் பலகையில் உள்ளங்கை அகலத்துக்கு வட்ட ஓட்டை. இடுக்குகளில் எல்லாம் சிலிக்கான் பசையைப் பல்லில் ஈறு போலப் பூசியிருந்தார்.

"இதுல பாட்டுப் போடலாமா அண்ணே?"

"காத்தைப் போடலாம்," என்றார் ஊதல். "ஃப்ளோ பெஞ்ச்னு பேரு. ஓட்டை மேல ஹெட்டை வச்சு இறுக்கணும். மோட்டார் கீழேயிருந்து உறிஞ்சும். ஹெட்டு வழியாத்தான் காத்து உள்ளே வரணும். வழி நல்லா இருந்தா நிறைய வரும், அடைசலா இருந்தா கம்மி. எங்க ராவணும், எங்க கை வைக்கக்கூடாதுன்னு இது சொல்லிடும். கடையில வாங்கப் போனா ஒரு ஷோரூமையே விக்கணும். நானே செஞ்சுட்டேன்."

பெட்டியின் பக்கத்தில், கைபேசி அளவில் ஒரு கருவி மாட்டியிருந்தது. அதிலிருந்து இரண்டு மெல்லிய ரப்பர் குழாய்கள். ஒன்று பெட்டிக்குள் போயிற்று. மற்றது காற்றில் சும்மா தொங்கியது.

"டிஜிட்டல் மானோமீட்டர். முன்னாடி கண்ணாடிக் குழாயில தண்ணி ஊத்தி, எத்தனை அங்குலம் ஏறுதுன்னு குனிஞ்சு குனிஞ்சு பார்த்துக்கிட்டிருந்தேன். இப்ப இதுவே சொல்லிடும். பெட்டிக்குள்ள இழுவை எவ்வளவு, வெளியே எவ்வளவு, வித்தியாசம் எத்தனை அங்குலம்னு. நான் எப்பவும் இருபத்தெட்டுல நிறுத்தித்தான் அளப்பேன்."

"பிபி மிஷினை வச்சுக்கிட்டு ஆறு மாசம் வித்தை காட்டியிருக்கான்," என்றார் முதலாளி மகனிடம். "மேல என்ன, கீழ என்னன்னு இதுல எனக்கு ஒண்ணும் புரிஞ்சதே கிடையாது. என்னமோ நம்பர் ஓடும்."

"அப்பா, அது டெம்பரேச்சர்," என்றான் மகன்.

ஊதல் கண்களை மூடித் திறந்தார்.

அண்ணி அவரை நேற்றைய கதைக்கு இழுத்தாள். நேற்று இரண்டு மணிக்கு ஹெட் முடிந்துவிட்டது. மோட்டார்கள் சூடேறினால் அளவு இறங்குகிறதா என்று பார்ப்பதற்காக, ஹெட்டை மேலே வைத்தபடியே பெஞ்சை ஓடவிட்டுவிட்டு, சாப்பிட்டுப் பரணில் படுத்திருக்கிறார்.

"நாலு மோட்டார் கத்தும்போது தூக்கமா?" என்றான் கொழுந்தன். "எங்க வீட்ல ஒரு மிக்ஸி ஓடினாலே எங்க அண்ணன் எழுந்து உட்கார்ந்துடுவார்."

"சத்தம் ஒரே மாதிரி இருந்தா எனக்குத் தூக்கம் வரும். மாறினா முழிச்சுக்குவேன். மூணு இருபது இருக்கும், 'ஹோ'ன்னு சத்தம் இறங்கிடுச்சு. ஓடி வந்தா ஹெட்டு இல்ல. கிளாம்பு ரெண்டும் கழண்டிருக்கு. ஹெட்டை என்ஜின்ல மாட்டுறதுக்குன்னு அலமாரியில வச்சிருந்த புது கேஸ்கட்டும் நட்டும்கூட இல்ல."

"நட்டுமா? முழுக் குடும்பத்தையும் கடத்தியிருக்கான்."

அண்ணி அவனைப் பார்த்தாள். இந்தத் தடவை வாயை மூடச் சொல்லவில்லை. "நல்ல கேள்வி தம்பி. விக்கிறவனுக்கு நட்டு எதுக்கு?" பிறகு ஊதலிடம், "இந்தக் கருவி காட்டுறதோட சரியா, இல்ல ஞாபகமும் வச்சுக்குமா?"

"செகண்டுக்கு ஒரு அளவு. லேப்டாப்ல ஏறும்." சொல்லிவிட்டு ஊதல் அப்படியே நின்றார். "அட! திருடன்னு திட்டு வாங்குறதுல இதை மறந்தே போயிட்டேன்."

*

கிரீஸ் கைரேகைகளுக்கு நடுவே லேப்டாப்பின் திரை தெரிந்தது. ஒரு பச்சைக் கோடு, இரண்டு மணியிலிருந்து இருபத்தெட்டில் கயிறு கட்டினாற்போல நேராகப் போயிற்று. மூன்று ஒன்பதுக்குத் தடாலென்று விழுந்து இரண்டில் கிடந்தது. நான்கே செகண்ட். பிறகு முப்பத்தாறுக்கு ஏறியது. இருபத்தைந்துக்கு இறங்கியது. இருபத்தொன்பது, இருபத்தேழரை, மறுபடி இருபத்தெட்டு. அங்கேயே ஒன்பது நிமிடம் நேராக ஓடி, மூன்று பதினெட்டுக்குத் திரும்ப விழுந்தது.

"எடுத்தான், வச்சான், மறுபடி எடுத்தான்," என்றான் கொழுந்தன். "நடுவுல மனசாட்சி வந்து போயிருக்கு."

"நாலு செகண்ட்ல ஹெட்டைத் திரும்ப இறுக்க முடியுமா?"

"கிளாம்புக்கே ஒரு நிமிஷம் ஆகும்," என்றார் ஊதல்.

"அப்ப ஹெட்டு வரல. வேற எதையோ ஓட்டை மேல வச்சிருக்காங்க. நீங்க முழிச்சுக்கக் கூடாதுன்னு."

"ஓட்டையை மூடினா மோட்டார் கீச்சுன்னு ஏறுமே. நான் எழுந்திருப்பேனே?"

"முதல்ல மூடித்தான் பார்த்திருக்காங்க. முப்பத்தாறுக்கு ஏறியிருக்கு பாருங்க. உடனே கொஞ்சம் தள்ளியிருக்காங்க, அதிகமாயிடுச்சு, இருபத்தஞ்சு. இப்படி அப்படி நகர்த்தி, மீட்டரைப் பார்த்துக்கிட்டே இருபத்தெட்டுல கொண்டுவந்து விட்டிருக்காங்க. அதே இருபத்தெட்டு, அதே சத்தம். நீங்க புரண்டு படுத்திருப்பீங்க."

"படுத்தேன்," என்றார் ஊதல் மெல்ல. "எதுலேயோ விழுற மாதிரி கனவு வந்துச்சு."

"ஹெட்டை வண்டியில வச்சுட்டு, கேஸ்கட்டும் நட்டும் எடுத்துக்கிட்டு, கடைசியா மூடினதையும் எடுத்துக்கிட்டுப் போயிருக்காங்க. ஒன்பது நிமிஷம். அந்த மூடினது என்னன்னு தெரிஞ்சா போதும். தட்டையா, விறைப்பா இருக்கணும். இந்த இழுவையில ஒன்பது நிமிஷம் இருந்திருந்தா, ஓட்டை விளிம்பு அது மேல பிறைநிலா மாதிரி பதிஞ்சிருக்கும்."

அடுத்த அரைமணி நேரம் கொழுந்தனுக்குக் கொண்டாட்டம். பெஞ்சை ஓடவிட்டு, ஷெட்டில் கிடந்ததையெல்லாம் ஓட்டை மேல் வைத்துப் பார்த்தார்கள். காலண்டர் அட்டையைப் பெட்டி 'லபக்' என்று மடித்து விழுங்கியது. பெயிண்ட் டப்பா மூடி விசில் அடித்தது. பக்கத்து வெல்டர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கொழுந்தனின் குறிப்பு நோட்டு, 'குழந்தை முகம்' உட்பட, உள்ளே போய் மோட்டார் வலையில் ஒட்டிக்கொண்டது. கைபேசியை வைக்கலாம் என்று மகன் நீட்டினான்; பிறகு விலை ஞாபகம் வந்து திரும்ப எடுத்துக்கொண்டான்.

"இந்தப் பெட்டிக்கு எங்க அண்ணன் மாதிரி பசி," என்றான் கொழுந்தன்.

அண்ணி வியர்வையைத் துடைத்துக்கொண்டு முதலாளி பக்கம் திரும்பினாள். "கொஞ்சம் எழுதணும். அந்த ஃபைலைக் குடுங்க, அடியில வச்சுக்கிறேன்."

அவர் நீட்டினார். கெட்டி அட்டைக்கு மேல் நீல ரெக்ஸின். முகப்பில் டீமின் பெயரும் அவருடைய சிரித்த போட்டோவும். அண்ணி எழுதவில்லை. ஃபைலை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள்.

போட்டோவின் ஒரு காதிலிருந்து மறுதோள் வரைக்கும், கழுத்தைச் சீவினாற்போல, ஒரு வளைந்த பள்ளம் ஓடியது.

கொழுந்தன் அதை வாங்கி ஓட்டை மேல் வைத்தான். பள்ளம் விளிம்பில் கச்சிதமாக உட்கார்ந்தது. ஒரு பக்கம் பிறை அளவுக்கு இடைவெளி. எல்லோரும் மானோமீட்டரைப் பார்த்தார்கள்.

இருபத்தெட்டு புள்ளி ஒன்று.

*

"அப்பா?" என்றான் மகன்.

முதலாளியின் முகம் போஸ்டரில் வராத நிறத்துக்குப் போயிற்று. "இது... இது என்ன அநியாயம்? என் ஹெட்டை நானே திருடுவேனா?"

"அதைத்தான் நாங்களும் கேட்கிறோம்," என்று கொழுந்தன் விரலை நீட்டினான். மூன்று வருடமாக இப்படி ஒரு விரல் நீட்டக் காத்திருந்தவன். "தலையைக் காணோம்னு வந்து, தலையைக் குடுத்துட்டு மாட்டிக்கிட்டீங்களே சார்!"

"தம்பி, கையைக் கீழே போடு," என்றாள் அண்ணி. "இவர் இல்ல."

விரல் பாதியில் நின்றது.

"இதைப் பிபி மிஷின்னு சொன்ன மனுஷன், இருபத்தெட்டு வர்ற வரைக்கும் ஃபைலை நகர்த்தியிருப்பாரா? எத்தனைக்கு வரணும்னே இவருக்குத் தெரியாது. பையனுக்கு அது டெம்பரேச்சர். அப்ப இந்த மீட்டரைப் படிக்கத் தெரிஞ்சவங்க யாரு? இவர் ஒருத்தர்," என்று ஊதலைக் காட்டினாள். "தன் காதை ஏமாத்த இவரே ஃபைல் வைக்க வேண்டியதில்ல. ஐயா, ஆறு மாசமா நீங்க ராவும்போது, பக்கத்துல நின்னு அளவைச் சத்தமா படிச்சுக் குறிச்சது யாரு?"

ஊதல் ஓர் அரத்தை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார்.

"சார், நேத்து மத்தியானம் இந்த ஃபைல் யார் கையில இருந்தது?"

"ரேஸ் பாரமெல்லாம் இதுலதான் இருக்கு. பொண்ணுதான் கையெழுத்து வாங்கணும்னு எடுத்துட்டு..."



"நான்தான்," என்றது வாசலில் ஒரு குரல்.

மகள் எவ்வளவு நேரமாக அங்கே நிற்கிறாள் என்று தெரியவில்லை. போஸ்டரில் கால் பங்கு தெரிந்தவள் நேரில் தன் அண்ணன் உயரம் இருந்தாள். விரல் நகங்களில் கறுப்பு. கட்டைவிரலில் புதிதாக ஒரு பிளாஸ்திரி.

"நீயா? எதுக்கும்மா? உனக்காகச் செஞ்சதைத்தானே..."

"எனக்காகவா? முந்தாநாள் காலையில டீம் மெக்கானிக்குக்கு என்ன சொன்னீங்க? 'ஹெட்டு வந்ததும் பையன் பைக்ல போட்டுடு. அவளுக்குப் பழசு போதும். அவ போட்டோவுக்கு நின்னா சரி'ன்னு. நான் பைக்குக்குப் பின்னாடி உட்கார்ந்து செயினுக்கு எண்ணெய் போட்டுக்கிட்டிருந்தேன். நீங்க போனை ஸ்பீக்கர்ல போட்டுப் பேசுனீங்க."

முதலாளி அண்ணி பக்கம் திரும்பினார். பெரிய மனிதர்கள் குடும்பத்தில் மாட்டிக்கொண்டால் அந்நியரிடம்தான் திரும்புவார்கள். "சின்னப் பொண்ணு, தப்பாக் காதுல வாங்கியிருக்கு."

"சரியாத்தான் வாங்கியிருக்கா," என்றாள் அண்ணி. "நீங்களே என்கிட்ட காலையில சொன்னீங்களே. பொண்ணு பைக்குக்கு நேத்தே சீல் வச்சாச்சு. இனிமே ஹெட்டு கிடைச்சாலும் அதுல போட முடியாது. அப்புறம் அஞ்சு மணிக்குள்ள ஹெட்டு யாருக்கு வேணும்? பாக்கி இருக்கிறது பையன் பைக்குதான்."

கொழுந்தனுக்குக் காது சுட்டது. அதே அறையில் அதே நாற்காலியில் உட்கார்ந்து அவனும்தான் கேட்டான். கேட்டுவிட்டுக் குழந்தை முகத்துக்கு அடிக்கோடு போட்டான்.

"சரி, அப்படியே இருக்கட்டும்!" முதலாளி குரலை உயர்த்தினார். "இவன் நாளைக்கு நாலு ஷோரூமையும் பார்க்கப் போறவன். தங்கச்சிகிட்ட தோத்தான்னு ஊரெல்லாம் பேசினா, வியாபாரத்துல எவன் மதிப்பான்? அவளுக்கு நான் என்ன குறை வச்சேன்? பைக் வாங்கிக் குடுத்தேன், போஸ்டர் அடிச்சேன்..."

"எனக்கு இதெல்லாம் தெரியாது," என்றான் மகன் தரையைப் பார்த்து. யாரும் நம்பவில்லை. அவனும் அவ்வளவாக நம்பவில்லை.

"ஹெட்டு எங்கடி?"

"என் பைக்ல. நேத்து அஞ்சே முக்காலுக்கு மாட்டி முடிச்சேன். ஆறு மணிக்கு சீல்."

"கழட்டு. இப்பவே போய்க் கழட்டு!"

"கழட்டுங்கப்பா," என்றாள் மகள். "நீங்களே வந்து சீலை உடைங்க. சீல் உடைஞ்சா ஒரு பைக் இல்ல, டீமே ரேஸ்ல இல்ல. அண்ணனும் ஓட முடியாது. அத்தனை சுவத்துலயும் உங்க போஸ்டர் மட்டும் நிக்கும்."

முதலாளி நான்கு ஷோரூம் கட்டியவர். கணக்கு வேகமாகப் போடத் தெரிந்தவர். போட்டுப் பார்த்தார். எந்தப் பக்கம் கூட்டினாலும் மகளே வந்தாள்.

"உங்களை நான் எதுக்கு வச்சேன்?" என்று அண்ணியிடம் பாய்ந்தார். "திருட்டைக் கண்டுபிடிக்கத்தானே?"

"ஹெட்டைக் கண்டுபிடிக்க. கண்டுபிடிச்சாச்சு. ஐயா, இந்த வேலைக்கு நீங்க எழுதின சீட்டு இருக்கா?"

ஊதல் ஆணியில் குத்தியிருந்த சீட்டுகளைப் புரட்டி ஒன்றை உருவினார். வண்டி எண் என்ற இடத்தில் மகளுடைய பைக்கின் எண். கீழே முதலாளியின் கையெழுத்து, இரண்டு கோடு இழுத்து, மேலே புள்ளி வைத்து.

"யார் பைக்குக்குன்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அந்த பைக்லதான் அது இருக்கு. இதுல திருட்டு எங்க வந்துச்சு? என் அறிக்கையில அப்படித்தான் எழுதுவேன். அதுக்கு மேல வேணும்னா, எடுக்க நினைச்சது யாருங்கிறதையும் சேர்த்துக்கலாம். சேர்க்கட்டுமா?"

முதலாளி ஃபைலை எடுக்காமலே வெளியே போனார். மகன் பின்னால் போனான். வாசலில் திரும்பி, தங்கையைப் பார்த்து என்னவோ சொல்ல நினைத்து, "ஆல் தி பெஸ்ட்" என்றான். அவனுக்கே அது தப்பான இடத்தில் விழுந்தது தெரிந்திருக்க வேண்டும். கார்க் கதவு இரண்டு தடவை அறைபட்டது.

*

மகள் ஊதலின் முன்னால் வந்து நின்றாள். அப்போதுதான் அழத் தொடங்கினாள்.

"மாஸ்டர்..."

"அழாதே," என்றாள் அண்ணி. அவள் குரலில் இரக்கம் பாதிதான் இருந்தது. "உன் ஹெட்டை நீ காப்பாத்திக்கிட்ட. சரி. ஆனா ஒரு நாள் பூரா இந்த மனுஷன் தெருவுல திருடன்னு பேர் வாங்கிக்கிட்டு நின்னார். உனக்குத் தெரியும். நீ வாயைத் திறக்கல. உங்க அப்பா செய்யப் பார்த்ததும், நீ இவருக்குச் செஞ்சதும் ரொம்ப தூரம் இல்லம்மா."

அந்தப் பெண் தலையசைத்தாள். "அப்பாவும் மாஸ்டரும் சேர்ந்தே பேசி முடிச்சுட்டாங்களோன்னு பயந்தேன். கேட்கத் தைரியம் வரல. அப்புறம், மாஸ்டருக்குத் தெரியாம இருந்தா அப்பா வெறும் திருடன்னு திட்டுறதோட விட்டுடுவார், மாஸ்டரே தெரிஞ்சு எனக்குக் குடுத்தார்னா கடையையே காலி பண்ண வச்சிடுவார்னு..."

"வெறும் திருடன்!" என்றார் ஊதல்.

பெஞ்ச் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கொழுந்தனுக்கு நாக்கு நுனியில் ஒரு ஜோக் வந்து நின்றது. அதை விழுங்கினான். மூன்று வருடத்தில் அண்ணி பார்த்திராத காட்சி அது.

ஊதல் போய் ஸ்விட்சை அணைத்தார். சத்தம் இறங்கி நின்றது. பிறகு, யார் முகத்தையும் பார்க்காமல், "நட்டை எந்த வரிசையில இறுக்கின?" என்றார்.

"குறுக்கும் நெடுக்குமா. நாலு தடவையா. கொஞ்சம் கொஞ்சமா."

"வால்வு இடைவெளி?"

அவள் இரண்டு எண்களைச் சொன்னாள்.

"என்ஜினை ஒரு தடவை சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி பார்த்தியா?"

"ஆறவிட நேரமில்ல மாஸ்டர். சீலுக்கு லேட்டாயிடும்னு ஈரத்துணி போட்டு ஆத்தினேன்."

"ஈரத்துணி!" அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஆறு மாசம் ராவினதை ஈரத்துணி போட்டு ஆத்தியிருக்கா. ரேஸ் எத்தனை மணிக்கு?"

"பத்து மணிக்கு."

"ஏழு மணிக்கெல்லாம் வந்துடுவேன். முதல் ரெண்டு சுத்து எப்படி ஓட்டணும்னு சொல்றேன், அப்படித்தான் ஓட்டணும்." அவள் முகம் மலர்வதைப் பார்த்ததும் அவர் விரலை ஆட்டினார். "சமாதானம் ஆயிட்டேன்னு நினைக்காதே. எனக்கு உன் மேல கோபம் போகல. கோபத்தோடதான் வருவேன்."